லிஃப்ட் போட்ட ஜீப்பும் இணைசேராத ஸ்டியரிங்கும்

கொங்கு நாட்டில் ஜீப்பை உயர்த்திக் கட்டுவது நேற்று வந்த பழக்கம் இல்லை. மலை சூழ்ந்த ஊர்களில் நல்ல ரோடு முடிகிற இடத்துக்கு அப்பாலும் பிழைப்பு இருக்கிறது. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. அங்கிருந்து எஸ்டேட்டுகளுக்குள் போகும் கல்பாதைகள் தனிக் கணக்கு. சத்தியமங்கலம் பக்கம் கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம் போக வேண்டுமானால் சர்க்கரைப்பள்ளம், குரும்பூர்ப்பள்ளம் என்று காட்டாறுகள் குறுக்கே வரும். மழை பிடித்தால் பஸ் நின்றுபோவது அந்த ஊர்க்காரர்கள் வெகுகாலம் பட்ட துன்பம். அப்படிப்பட்ட இடங்களுக்கு மூட்டை ஏற்றிப் போன ஜீப்புகளுக்குத்தான் முதலில் பட்டை சேர்த்தார்கள், சாக்கிளை நீட்டினார்கள், பெரிய டயர் போட்டார்கள்.

இன்று காட்சி மாறியிருக்கிறது. 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த மஹிந்திராவின் புதிய தார், 2023-இல் வந்த மாருதியின் ஜிம்னி இரண்டும் கோவை வீதிகளில் சாதாரணமாகக் கண்ணில் படுகின்றன. லிஃப்ட் கிட் பெட்டியில் அடைத்து வீட்டுக்கே வருகிறது. பெட்டியில் ஸ்பிரிங் இருக்கும், ஷாக் அப்சார்பர் இருக்கும், சில போல்ட் நட்டுகள் இருக்கும். ஸ்டியரிங் பற்றிய பொருள் பெரும்பாலும் இருக்காது. பூட்டி முடித்த சில நாட்களில் பட்டறைக்கு வரும் புகார் எல்லாருக்கும் பழக்கமானது: “லிஃப்ட் போட்டதுல இருந்து வண்டி சொன்ன பேச்சு கேக்கறதில்லீங்க. குழியில விழுந்தா ஸ்டியரிங் தானாத் திரும்புதுங்க.”

அந்த ஓட்டுநர் சொல்வது துல்லியமான உண்மை. ஸ்டியரிங் தானாகத்தான் திரும்புகிறது. காரணம் ஸ்பிரிங்கின் தரத்திலோ கம்பெனியின் பெயரிலோ இல்லை. சஸ்பென்ஷன் ஒரு வட்டத்தில் ஏறி இறங்குகிறது. ஸ்டியரிங் கம்பி இன்னொரு வட்டத்தில் ஏறி இறங்குகிறது. தொழிற்சாலையில் அந்த இரண்டு வட்டங்களையும் முடிந்தவரை ஒன்றாக்கி வைத்திருந்தார்கள். உயர்த்தியபோது நாம் ஒன்றை மட்டும் நகர்த்திவிட்டோம். எந்த வண்டியில் எதை எதனோடு சேர்த்து மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் ஒரு கணக்கு. ஸ்டியரிங் பாக்ஸின் அடியில் தொங்கும் கைக்கு டிராப் ஆர்ம் என்று பெயர். அதிலிருந்து எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் குறுக்கே போகும் கம்பி டிராக் லிங்க். அதன் நீளம் 90 செ.மீ. என்றும், வண்டி நிற்கும்போது அது தரைக்கு இணையாகக் கிடக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். சக்கரம் 5 செ.மீ. ஏறினாலும் இறங்கினாலும் கம்பியின் பக்கவாட்டு இழுப்பு 1.4 மி.மீ. மட்டுமே. கையில் அது தெரியவே தெரியாது. இப்போது வண்டியை 10 செ.மீ. உயர்த்துங்கள். ஆக்சில் கீழேயே நிற்கிறது, பாக்ஸ் மேலே போய்விட்டது, கம்பி சாய்ந்துவிட்டது. இனி அதே 5 செ.மீ. மேட்டில் சக்கரம் ஏறினால் கம்பி 4.2 மி.மீ. தள்ளும்; 5 செ.மீ. குழியில் இறங்கினால் 7 மி.மீ. இழுக்கும். முன்பு இருந்ததைப் போல மூன்று மடங்கு, ஐந்து மடங்கு. சக்கரத்தோடு சேர்ந்த ஸ்டியரிங் ஆர்ம் 15 செ.மீ. என்றால், 7 மி.மீ. இழுப்பு சக்கரத்தை இரண்டரைப் பாகைக்கு மேல் திருப்பிவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய நிலையில் மேடும் பள்ளமும் ஒரே திசையில்தான் இழுத்தன. உயர்த்திய பிறகு மேடு ஒரு பக்கமும் பள்ளம் மறுபக்கமும் திருப்புகின்றன. கரடுமுரடான பாதையில் ஸ்டியரிங் கையில் உதறுவது இதனால்தான்.

இந்தக் கணக்கு எல்லா வண்டிக்கும் பொது. ஆனால் தீர்வு பொது இல்லை. பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

பட்டை வைத்த வண்டிகளை முதலில் எடுத்துக்கொள்வோம். வில்லிஸ் வழிவந்த மஹிந்திரா ஜீப்புகளும், 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸியும் முன்னும் பின்னும் முழு ஆக்சில், லீஃப் ஸ்பிரிங் பட்டை. ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்து வைத்திருப்பது பட்டையே. ஆகவே ஆக்சில் கிட்டத்தட்ட நேர்மேலாக ஏறி இறங்கும். டிராக் லிங்க் எவ்வளவுக்குப் படுக்கையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது என்பதே இங்கு விதி. ஜிப்ஸியில் ஆக்சிலுக்கு அடியில் இருக்கும் பட்டையை மேலே ஏற்றிக் கட்டும் ‘ஸ்பிரிங் ஓவர்’ வேலை செய்தால் வண்டி ஏறத்தாழ 12 செ.மீ. உயர்ந்துவிடும். டிராக் லிங்க்கை அப்படியே விட்டுவிட்டு இதைச் செய்வது கூடவே கூடாது. இரண்டு முனைகளின் உயர வேறுபாட்டை நடுவிலேயே முடித்துக்கொள்ளும்படி இசட் வடிவில் மடித்த கம்பி போடுவார்கள்; ஆனால் கம்பி எப்படி மடிந்தாலும் இரு முனைகளையும் சேர்க்கும் நேர்க்கோட்டின் சாய்வு மாறாது, அதனால் சக்கரம் தானாகத் திரும்புவதும் குறையாது. போதாததற்கு அது சுமை ஏறும்போது வளைந்தும் கொடுக்கும். சக்கரப் பக்கத்து ஸ்டியரிங் ஆர்மை, சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளின் மேலே கொண்டுபோய், டிராக் லிங்க்கை நேர்க் கம்பியாகவே வைத்துக்கொள்வதுதான் சரியான வேலை. செலவு கூடும், கூடட்டும்.

பட்டை வண்டியில் இன்னொரு மறைவான சிக்கல் சாக்கிள், அதாவது பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஊசல் தகடு. பட்டைக்கு வளைவு கூட்டுவதைவிட சாக்கிளை நீட்டுவது மலிவு என்பதால் அதைத்தான் பலரும் கேட்கிறார்கள். வில்லிஸ் வழி ஜீப்புகளில் முன்பட்டையின் சாக்கிள் முன்முனையில் இருக்கும். அதை 5 செ.மீ. நீட்டினால் வண்டிக்குக் கிடைக்கும் உயரம் பாதிதான், இரண்டரை செ.மீ. ஆனால் பட்டை சுமார் 90 செ.மீ. நீளம் என்பதால் ஆக்சில் மூன்று பாகைக்கு மேல் முன்பக்கம் குப்புறச் சாய்ந்துவிடும். அந்த ஜீப்புகளுக்குக் கம்பெனி வைத்த காஸ்டர், அதாவது கிங் பின்னின் பின்சாய்வு, மொத்தமே மூன்று பாகை. முன்னும் பின்னும் சமமாக உயர்த்திய வண்டியில், இரண்டரை செ.மீ. உயரத்துக்காக ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணம் முழுவதையும் விற்றுவிட்டோம் என்று பொருள். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் திரும்பி வராது. நேர் ரோட்டில் வண்டி அலையும். பட்டைக்கும் ஆக்சில் மேடைக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்து அதைத் திருத்தலாம். அப்படித் திருத்தும்போது டிஃபரன்ஷியலின் மூக்கு கீழ்நோக்கும். ஃபோர் வீல் போடும்போது முன் புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயிண்ட் கூடுதல் கோணத்தில் சுழலும். இரண்டையும் ஒருசேரப் பார்த்துத்தான் தகட்டின் கோணத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

காயில் ஸ்பிரிங் வைத்த முழு ஆக்சில் வண்டிக்கு நல்ல உதாரணம் ஜிம்னி. காயில் ஸ்பிரிங் சுமையைத் தாங்கும். ஆக்சிலை எந்தப் பக்கமும் பிடித்து வைக்காது. அதனால் சேஸிஸிலிருந்து ஆக்சிலுக்குக் குறுக்கே ஒரு பான்ஹார்டு ராடு போகிறது. சக்கரம் ஏறி இறங்கும்போது இந்த ராடின் வட்டத்தில் ஆக்சில் முழுவதும் சற்றே இடமோ வலமோ நகரும். டிராக் லிங்க்கும் அதே நீளத்தில், அதே சாய்வில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நகரும், சக்கரம் திரும்பாது. இங்கே விதியே வேறு. டிராக் லிங்க் படுக்கையாக இருக்க வேண்டும் என்பது இரண்டாம் பட்சம். பான்ஹார்டு ராடுக்கு அது இணையாக இருக்க வேண்டும் என்பதே முதல் கட்டளை.

இதை உணராமல் நடக்கும் வேலை ஒன்று உண்டு. பட்டை ஜீப்பில் பழகிய கை, ஜிம்னியிலும் டிராக் லிங்க் சாய்ந்திருப்பதைப் பார்த்தவுடன் கூடுதல் இறக்கமுள்ள டிராப் ஆர்மை வாங்கிப் பூட்டிவிடும். டிராக் லிங்க் படுத்துவிடும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பான்ஹார்டு ராடு பழைய சாய்விலேயே நிற்கிறது. உயர்த்திய பிறகும் இணையாகவே சாய்ந்திருந்த இரண்டு கம்பிகளை நாமே பிரித்து வைத்துவிட்டோம். இந்த வண்டி, ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால் ஓடியிருக்கக்கூடியதைவிட மோசமாக ஓடும். டிராப் ஆர்மை இறக்கினால் பான்ஹார்டு ராடின் சேஸிஸ் முனையையும் அதே அளவு இறக்க வேண்டும், அல்லது இரண்டின் ஆக்சில் முனைகளையும் சேர்த்து ஏற்ற வேண்டும். ஒன்றை மட்டும் தொடுவதாக இருந்தால் இரண்டையுமே தொடாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

நீளம் வேறு விஷயம். உயர்த்தியவுடன் பான்ஹார்டு ராடு ஆக்சிலைத் தன் பக்கம் சில மில்லிமீட்டர் இழுத்துக்கொள்ளும். ஒரு பக்க டயர் மட்கார்டுக்கு வெளியே கூடுதலாகத் தெரிவது அதனால்தான். நீளம் மாற்றத்தக்க ராடு போட்டு ஆக்சிலை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே டிராக் லிங்க்கைத் திருகி ஸ்டியரிங்கை நேராக்க வேண்டும். வரிசை மாறினால் வேலை இரண்டாகிவிடும். ஜிம்னியின் முன் ஆக்சிலைப் பின்னோக்கிப் பிடித்திருக்கும் கைகளும் காஸ்டரைத் தின்னும். 70 செ.மீ. நீளமுள்ள கை ஒன்று 5 செ.மீ. கீழே சாய்ந்தால் நான்கு பாகை மாறிவிடுகிறது. துளை மையம் விலகிய புஷ் போட்டோ, திருத்திய கைகள் போட்டோ அதை மீட்க வேண்டும்.

காஸ்டர் குறைந்து, பால் ஜாயிண்டிலோ புஷ்ஷிலோ ஆட்டமும் சேர்ந்துகொண்டால் வருவதுதான் முழு ஆக்சில் வண்டிகளின் பெரிய பயம்: ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முன் சக்கரங்கள் இரண்டும் இடவலமாகப் படபடவென்று அடித்துக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடிக்கவே முடியாமல் போவது. அமெரிக்க ஜீப்காரர்கள் இதற்கு ‘டெத் வாபிள்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மலையில் 20 கி.மீ. வேகத்தில் இது தலைகாட்டாது. மலைக்காகவே உயர்த்திய வண்டி மலைக்குப் போய்ச் சேர, பொள்ளாச்சி ரோட்டிலும் நீலாம்பூர் – மதுக்கரை பைபாஸிலும்தான் ஓடியாக வேண்டும். அங்கே 70, 80 வேகத்தில் ஒரு பாலத்து இணைப்பில் ஏறி இறங்கும் நொடியில் அது தொடங்கும். இதற்கு ஸ்டியரிங் டேம்பர் மாட்டி அனுப்பும் வழக்கம் இருக்கிறது. டேம்பர் ஆட்டத்தை அமுக்கும். தேய்ந்த பால் ஜாயிண்டைப் புதிதாக்காது. முதலில் தேய்ந்ததை மாற்றுங்கள், காஸ்டரை மீட்டெடுங்கள், டேம்பர் பிறகு.

மூன்றாவது வகை, முன்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் வண்டி. 2010-இல் வந்த முதல் தாரின் சிஆர்டிஇ வகையில் முன்பக்கம் டார்ஷன் பார். 2020 தாரில் இரட்டை விஷ்போன், காயில், ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங். இங்கே டை ராடின் உள்முனையும் வெளிமுனையும் மேல்கை, கீழ்கைகளின் முனைகளோடு ஒரு ஒழுங்கில் அமைந்திருக்கும். உயர்த்தினால் கைகளும் டை ராடும் ஓரளவு சேர்ந்தே சாய்வதால், முழு ஆக்சில் வண்டியில் வருவதுபோல் பெரிய சண்டை உடனே வராது. அதனாலேயே ஏமாற்றமும் இங்கே அதிகம். பழைய தாரில் டார்ஷன் பார் போல்ட்டை நாலு சுற்று முறுக்கினால் வண்டி எழுந்துவிடும். புதிதாக ஒரு பொருளும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் சக்கரம் கீழே இறங்க வேண்டிய தூரத்தை அப்போதே செலவழித்துவிட்டோம். பால் ஜாயிண்ட் தன் எல்லையை ஒட்டி நிற்கும், ஆக்சில் ஷாஃப்டின் ஜாயிண்ட் கோணம் கூடி பூட் கிழியும், டோவும் (சக்கரத்தின் உள்-வெளித் திரும்பல்) கேம்பரும் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) வட்டத்தின் வேகமாக மாறும் பகுதிக்குப் போய்விடும். புதிய தாரில் ஷாக் அப்சார்பர் மேல் ஸ்பேசர் வைப்பதும் ஏறத்தாழ இதே கதைதான். 226 மி.மீ. தரை இடைவெளியோடு கம்பெனியிலிருந்து வரும் வண்டி அது. கடம்பூருக்கும் டாப்சிலிப்புக்கும் போக அது போதாது என்று நான் நினைக்கவில்லை. பாதையைப் படித்து ஓட்டும் கைதான் அங்கே குறை.

இந்த இடத்தில் அலைன்மெண்ட் பற்றி ஒரு வார்த்தை. “கம்ப்யூட்டர் அலைன்மெண்ட் பண்ணியாச்சுங்க, எல்லாம் பச்சை காட்டுது” என்பார்கள். அந்த மெஷின் நிற்கிற வண்டியை ஒரே ஒரு உயரத்தில் அளக்கிறது. மேலே சொன்ன வட்டச் சண்டை வண்டி ஏறி இறங்கும்போது மட்டுமே நடப்பது. பச்சை காட்டிய வண்டியும் குழியில் திரும்பும்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. முன் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பட்டை வண்டியானால் மெயின் பட்டையை மட்டும் விட்டுவிட்டு, சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஸ்டியரிங்கை அசையாமல் கட்டுங்கள். பிரேக் டிரம்மிலோ டிஸ்க்கிலோ ஒரு லேசர் பேனாவை முன்னோக்கிக் கட்டி, மூன்று மீட்டர் தள்ளிச் சுவரில் சார்ட் தாள் ஒட்டுங்கள். ஜாக்கியால் ஆக்சிலை ஒவ்வொரு சென்டிமீட்டராக ஏற்றி இறக்கி, புள்ளி விழும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். புள்ளி நேர்மேலாக ஏறினால் வண்டி நல்ல வண்டி. பக்கவாட்டில் 5 செ.மீ. விலகினால் சக்கரம் ஒரு பாகை திரும்பியிருக்கிறது. பான்ஹார்டு ராடு உள்ள வண்டியில் ஆக்சிலே சில மில்லிமீட்டர் நகர்வதால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். பட்டறையில் ஓர் அரை நாள் வேலை இது. லிஃப்ட் போடுவதற்கு முன் ஒரு தாள், போட்ட பின் ஒரு தாள் இருந்தால் வாதம் முடிந்துவிடும்.

இந்த அளவீடு கோவைக்குப் புதிதும் இல்லை. 1980-களின் இறுதியிலேயே பந்தய வீரர் கரிவரதன் இந்த ஊரில் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கினார். அவர் பெயரில் செட்டிப்பாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட பந்தயக் களம் இன்றும் ஓடுகிறது. சக்கரம் ஏறி இறங்கும்போது தானாகத் திரும்பும் இந்த ‘பம்ப் ஸ்டியர்’ பந்தயக் காரில் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, வாஷர் வைத்துத் திருத்தப்படும் விஷயம். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்ட ஜி.டி. நாயுடு முதல், கணபதி, பீளமேடு ஃபவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் வரை, உலோகத்தைக் கையாளத் தெரிந்த ஊர் இது. அந்தத் திறமை ஜீப் பட்டறைக்குள் முழுதாக வரவில்லை என்பதே என் ஆதங்கம்.

ஏனென்றால் பட்டறைகளில் இன்னும் நடக்கும் ஒரு வேலையை நினைத்தால் மனம் பதறுகிறது. இறக்கம் கூடிய டிராப் ஆர்ம் கிடைக்காவிட்டால், இருப்பதையே கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி வளைக்கிறார்கள். இல்லாவிட்டால் வெட்டி, நடுவில் துண்டு வைத்து வெல்டு அடிக்கிறார்கள். டிராப் ஆர்ம் அடித்து உருவாக்கி, சூடேற்றிக் குளிர்வித்துப் பதப்படுத்திய எஃகு. சிவக்கக் காய்ச்சியதும் அந்தப் பதம் போய்விடுகிறது. வெல்டு ஓரத்தில் தொடங்கும் விரிசல் பெயிண்டுக்கு அடியில் வளரும். பிரேக் பிடிக்காவிட்டால் கியரைக் குறைத்துச் சமாளிக்கலாம், ஹேண்ட் பிரேக் இருக்கிறது. டிராப் ஆர்ம் உடைந்தால் கையில் இருப்பது வெறும் வளையம். வால்பாறை ரோட்டின் ஒன்பதாவது வளைவில் அது நடந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

டை ராடு எண்டு மாற்றும்போதும் கவனம் வேண்டும். அதன் தண்டு கூம்பு வடிவம். சில வண்டிகளில் பத்துக்கு ஒன்று சரிவு, சிலவற்றில் எட்டுக்கு ஒன்று. இரண்டும் ஒன்றின் துளையில் மற்றொன்று உள்ளே போகும், நட்டும் இறுகும். ஆனால் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கும். சில நாளில் துளையைத் தின்று ஆடத் தொடங்கும். தண்டில் நீலச் சாயத்தை மெல்லப் பூசி, துளையில் அழுத்தித் திருப்பி எடுத்துப் பாருங்கள். சாயம் முழு நீளத்துக்கும் சீராக அழிந்திருந்தால் மட்டுமே பூட்டலாம். ஆறு மாதம் லேத் ஓட்டிய பையனுக்கும் தெரிந்த சோதனை இது.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி நிர்ணயித்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று வகுத்தது. விபத்து நடந்த பின் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பதும் உயர்த்திய ஸ்பிரிங்கைத்தான். தனியார் நிலத்திலும் போட்டிக் களத்திலும் ஓட்டுவதற்காகக் கட்டும் வண்டியைச் சாலையில் ஓட்டாமல் ஏற்றிக்கொண்டு போவதே நேர்மை.

இவ்வளவையும் பார்த்தபின் என் தீர்ப்பு இது. தினமும் ரோட்டில் ஓடும் வண்டிக்கு, சட்டப்படி அனுமதி இருந்து, காஸ்டரைத் திருத்தி, பான்ஹார்டு ராடையும் டிராக் லிங்க்கையும் சேர்த்துச் சரிசெய்ய முடிந்தால் 5 செ.மீ. வரை உயர்த்தலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஸ்டியரிங் முழுவதையும் புதிதாக அமைக்கும் வேலை என்று ஒப்புக்கொண்டு, அதற்குரிய பணத்தையும் நாட்களையும் ஒதுக்க வேண்டும். சாக்கிளை மட்டும் நீட்டுவது, டார்ஷன் பாரை மட்டும் முறுக்குவது, டிராப் ஆர்மைக் காய்ச்சி வளைப்பது, இந்த மூன்றையும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் மறுத்துவிட வேண்டும். கோவைப் பொறியியல் கல்லூரிகளின் ஆட்டோமொபைல் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள்: இறுதியாண்டு மாணவர்களைப் பட்டறைகளுக்கு அனுப்புங்கள். தார், ஜிம்னி, ஜிப்ஸி, பழைய ஜீப் ஒவ்வொன்றுக்கும் லேசர் பேனாவும் சார்ட் தாளும் வைத்து அளந்து, தமிழில் அச்சிட்டு, மெக்கானிக்குகள் கையில் கொடுங்கள். வண்டிக்காரர்களே, அந்தத் தாள் சுவரில் ஒட்டியிருக்கும் பட்டறையில் மட்டும் உங்கள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துங்கள்.